பிம் நெய்பர் எழும்பி நிற்கிறது, மல்டிகாஸ்ட் வீடியோ மட்டும் விட்டுவிட்டு வருகிறது: எங்கே பார்ப்பது?

ஓடைக்கரை:

ஒரே வீடியோ ஓட்டத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் பிரித்து அனுப்பும் மல்டிகாஸ்ட் அமைப்பு, மூன்று ரவுட்டர்கள். ஆர்1 பக்கம் என்கோடர், முகவரி 10.1.10.50. ஆறு சேனல்கள், குரூப் (சேனலைக் குறிக்கும் மல்டிகாஸ்ட் முகவரி) 239.20.5.10 முதல் 239.20.5.15 வரை, சேனலுக்கு 8 எம்பிபிஎஸ். நடுவில் ஆர்2. ஆர்பியும் (சோர்ஸும் ரிசீவரும் முதலில் சந்திக்கும் ரவுட்டர்) அதுதான், லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் முகவரி) 10.255.0.2 என்று மூன்று ரவுட்டரிலும் ஸ்டாட்டிக்காக எழுதியிருக்கிறது. ஆர்1, ஆர்2 இரண்டும் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ. ஆர்3 லினக்ஸ் பெட்டி, எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருள் ஓடுகிறது. ரிசீவர்கள் எல்லாம் ஆர்3-க்குப் பின்னால் விலேன் 30 என்ற உள்ளூர் நெட்வொர்க்கில்.

ஆர்2–ஆர்3 நேரடி ஃபைபர், வழிகளைப் பகிர ஓஎஸ்பிஎஃப். ஆர்1-க்கும் ஆர்2-க்கும் இடையே சர்வீஸ் புரொவைடர் நெட்வொர்க். இருபுறமும் அவர்களோடு வழிகளைப் பகிர ஈ-பிஜிபி. அவர்கள் மல்டிகாஸ்ட் கடத்துவதில்லை. அதனால் லூப்பேக் முதல் லூப்பேக் வரை ஒரு ஜிஆர்ஈ டன்னல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து கடத்தும் வழி), டன்னல் 10. ஆர்1 முனை 172.16.99.1, ஆர்2 முனை 172.16.99.2. அதன் மேல் ஓஎஸ்பிஎஃப், பிம் ஸ்பார்ஸ் மோட் (மல்டிகாஸ்டுக்கு வழி அமைக்கும் புரோட்டோகால்) இரண்டும் உண்டு. புரொவைடரை நோக்கிய போர்ட்டுகளிலும் பிம் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டு தொல்லைகள்:

ஒன்று, ஒரே ஒரு சேனல் என்றால் படம் ஓடுகிறது. மூன்றைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த நேரத்தில் ஆர்1, ஆர்2 இரண்டிலும் சிபியு ஏறுகிறது. பிம் நெய்பர் டன்னலில் ஒருமுறைகூட விழவில்லை.

இரண்டு, ஆர்3-இல் எஃப்ஆர்ஆர் ரீஸ்டார்ட் செய்த பிறகு 5 முதல் 9 நிமிடத்துக்குள் எல்லாச் சேனலும் நின்றுவிடுகிறது. அதன்பின் சேனல் மாற்றினாலும் வருவதில்லை. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது.

இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா?

பாக்கெட்வழி:

டன்னல் என்றதும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மேல் சந்தேகம் வரும், அதை முதலில் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். வழக்கமான டிஎஸ் வீடியோ ஸ்ட்ரீம் என்றால் ஒரு பாக்கெட்டில் 188 பைட் கொண்ட துண்டுகள் 7, ஆக 1316. யுடிபி 8, ஐபி 20 சேர்த்தால் 1344. ஜிஆர்ஈ 24 சேர்த்தால் 1368. 1500-க்குள் தாராளமாக அடங்குகிறது, எம்டியு குற்றவாளி இல்லை. உங்கள் என்கோடர் 1316-ஐ விட்டு 1460 என்று அனுப்பினால் கதை வேறு. துண்டாக்காதே என்று சொல்லும் டிஎஃப் பிட் போட்ட மல்டிகாஸ்ட் பாக்கெட் பெரிதாக இருந்து கீழே போடப்பட்டால், அனுப்பியவருக்கு ஐசிஎம்பி தகவல் திரும்பிப் போகாது. மல்டிகாஸ்டுக்கு ஐசிஎம்பி பிழைச்செய்தி அனுப்பக் கூடாது என்பது விதி. சத்தமில்லாமல் தொலையும்.

டிடிஎல்லும் (எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) காரணம் இல்லை. மல்டிகாஸ்ட் சாக்கெட்டின் இயல்பான டிடிஎல் 1. அதை உயர்த்த மறந்திருந்தால் பாக்கெட் ஆர்1-ஐயே தாண்டியிருக்காது. உங்களுக்கு ஒரு சேனலாவது வருகிறதே.

மூன்று சேனலுக்கு மேல் உடைகிறது, சிபியு ஏறுகிறது என்பதுதான் துப்பு. போக வேண்டிய வழியில் போகாமல் ஏதோ ஒன்று சிபியு வழியாகப் போகிறது. ஆர்1-இல் ஷோ ஐபி எம்ரவுட் 239.20.5.10, ஆர்2-இல் ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.1.10.50, இரண்டின் வெளியீட்டையும் போடுங்கள்.

கிளைமரம்:

வெளியீடு வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிம் நெய்பர் எழும்பி நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஹலோ என்பது 224.0.0.13-க்கு டிடிஎல் 1-உடன் 30 விநாடிக்கு ஒருமுறை போகும் செய்தி. அந்த ஒரு லிங்க்கில் இரண்டு முனையும் பேசிக்கொள்கின்றன என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. மரம் (சோர்ஸிலிருந்து ரிசீவர்வரை ஸ்ட்ரீம் பிரிந்து செல்லும் பாதை) அந்த லிங்க் வழியாகத்தான் வளர்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. ஜாயின் (ஸ்ட்ரீம் கேட்கும் செய்தி) எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நெய்பர் பட்டியல் தீர்மானிப்பதில்லை, ஆர்பிஎஃப் தேடல்தான் தீர்மானிக்கிறது. "சோர்ஸுக்கு யூனிகாஸ்டில் (ஒரே ஒருவருக்குப் போகும் சாதாரண பாக்கெட்டாக) நான் எந்த இண்டர்ஃபேஸ் வழியாகப் போவேன்?" என்று ரவுட்டர் தன்னையே கேட்டுக்கொள்கிறது. வரும் விடையில் எந்த இண்டர்ஃபேஸ் இருக்கிறதோ அங்கே ஜாயினை அனுப்புகிறது. பாக்கெட்டும் அங்கிருந்து வந்தால்தான் ஏற்கும்.

உங்கள் அமைப்பில் என்கோடரின் சப்நெட்டை ஆர்2 இரண்டு வழியில் கற்கும். புரொவைடர் தரும் ஈ-பிஜிபி, டிஸ்டன்ஸ் (சிறிய எண்ணே ஜெயிக்கும்) 20. டன்னல் மேல் வரும் ஓஎஸ்பிஎஃப், 110. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஒரு சேனலாவது எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஆர்1 முதல் பாக்கெட்டைப் பார்த்ததும் அதை ரெஜிஸ்டர் செய்திக்குள் பொதிந்து ஆர்பிக்கு அனுப்பும். அந்த ரெஜிஸ்டர் சாதாரண யூனிகாஸ்ட். புரொவைடர் நெட்வொர்க் அதைத் தடுக்காமல் கொண்டுபோகும், டன்னலே வேண்டியதில்லை. ஆர்பி அதைப் பிரித்து ஆர்3 பக்கம் தள்ளும். முறைப்படி இது சில நொடிகளுக்கான ஏற்பாடு. ஆர்பி சோர்ஸை நோக்கி எஸ்-ஜி (ஒரு சோர்ஸ், ஒரு குரூப்) ஜாயின் அனுப்பி, நேரடி ஓட்டம் வந்து சேர்ந்ததும், ரெஜிஸ்டர்-ஸ்டாப் அனுப்பி இதை நிறுத்த வேண்டும். உங்களிடம் ஜாயின் புரொவைடர் பக்கம் திரும்பி அங்கே கேட்பாரற்றுப் போகிறது என்றால், நேரடி ஓட்டம் வராது, ரெஜிஸ்டர்-ஸ்டாப்பும் போகாது. 8 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 760 பாக்கெட்டுகள். ஆறு சேனலுக்கு 4,500-க்கு மேல். அத்தனையையும் பொதிந்து, பிரித்து... சிபியு ஏறாமல் என்ன செய்யும்? கண்ட்ரோல் பிளேன் பாதுகாப்பு விதி ஏதும் போட்டிருந்தால் அதுவும் தன் பங்குக்கு வெட்டும்.

ஓடைக்கரை:

வெளியீடு இதோ, தேவையான வரிகள் மட்டும்.

ஆர்1, எஸ்-ஜி வரி: உள்வரும் இண்டர்ஃபேஸ் கிகாபிட் 0/0/0, பக்கத்திலேயே "ரெஜிஸ்டரிங்" என்று எழுதியிருக்கிறது. வெளிச்செல்லும் பட்டியல்: நல்.

ஆர்2, ஷோ ஐபி ஆர்பிஎஃப் 10.1.10.50: இண்டர்ஃபேஸ் கிகாபிட் 0/0/1, நெய்பர் 172.16.20.1, ரவுட் 10.1.10.0/24, வகை யூனிகாஸ்ட், பிஜிபி.

172.16.20.1 புரொவைடரின் ரவுட்டர். பிம் நெய்பர் பட்டியலில் அது இல்லை.

ஓஎஸ்பிஎஃப் ஜெயிக்கும்படி பிஜிபி டிஸ்டன்ஸை 200 ஆக்கிவிடலாமா?

கிளைமரம்:

வேண்டாம், அதை மட்டும் செய்யாதீர்கள். டன்னலின் முனைகளே லூப்பேக்தான். அந்த லூப்பேக்குகளும் ஓஎஸ்பிஎஃப்-இல் இருந்தால், டிஸ்டன்ஸை மாற்றிய அடுத்த கணம் டன்னலின் சேருமிடத்தை டன்னல் வழியாகவே கற்பீர்கள். டன்னல் தன்னையே விழுங்கிக் கீழே விழும், ஓஎஸ்பிஎஃப் விழும், பிஜிபி ரவுட் திரும்பும், டன்னல் எழும்பும், மறுபடி விழும். யூனிகாஸ்டை யூனிகாஸ்டாகவே விட்டுவிடுங்கள். ஆர்பிஎஃப்-ஐ மட்டும் திருப்பினால் போதும். ஆர்2-இல் ஒரே ஒரு வரி:

ஐபி எம்ரவுட் 10.1.10.0 255.255.255.0 172.16.99.1

"ஐபி ரவுட்" அல்ல, "ஐபி எம்ரவுட்". பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்பதை இந்த வரி தொடாது. "இந்தச் சோர்ஸ் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்" என்ற கேள்விக்கு மட்டும் விடையை மாற்றும். இயல்பான டிஸ்டன்ஸ் 0, அதனால் பிஜிபியை முந்தும்.

சோம்பலில் 0.0.0.0 0.0.0.0 என்று போட்டுவிடாதீர்கள். இங்கே யூனிகாஸ்ட் போல நீளமான மாஸ்க் ஜெயிப்பதில்லை, இயல்பாக டிஸ்டன்ஸ்தான் முதலில் ஒப்பிடப்படும். ஒரு டிஃபால்ட் எம்ரவுட் எல்லாச் சோர்ஸையும் டன்னல் பக்கம் இழுத்துவிடும். நாளைக்கு ஆர்3 பக்கம் ஒரு என்கோடர் வைத்தால் அதன் ஸ்ட்ரீம் ஆர்2-இல் ஆர்பிஎஃப் தவறிச் செத்துவிடும். அப்போது இந்த வரியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆர்1-இல் இப்போதைக்கு எதுவும் வேண்டாம், சோர்ஸ் அதனோடு நேரடியாக இணைந்திருக்கிறது. ஆர்1 பக்கம் ரிசீவர் வைத்து ஆர்3 பக்கத்துச் சோர்ஸைப் பார்க்கும் நாள் வந்தால், அங்கே இரண்டு எம்ரவுட் தேவை: ஆர்பியின் 10.255.0.2-க்கு ஒன்று, அந்தச் சோர்ஸின் சப்நெட்டுக்கு ஒன்று. ஸ்டார்-ஜி (எந்தச் சோர்ஸானாலும் ஒரே குரூப்) மரத்துக்கு ஆர்பிஎஃப் ஆர்பியை நோக்கிப் பார்க்கும், எஸ்-ஜி மரத்துக்குச் சோர்ஸை நோக்கி. பலர் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

புரொவைடரை நோக்கிய போர்ட்டுகளில் இருக்கும் பிம்மையும் எடுத்துவிடுங்கள். அங்கே கேட்க யாரும் இல்லை. அது இருப்பதால்தான் ஆர்பிஎஃப் தேடல் உங்களுக்கு உருப்படியான விடை போலத் தோன்றுகிற ஒன்றைக் கொடுத்தது.

வரியைப் போட்டபின் ஆர்2-இல் ஷோ ஐபி ஆர்பிஎஃப் மறுபடி பாருங்கள். டன்னல் 10, நெய்பர் 172.16.99.1, வகை ஸ்டாட்டிக் என்று வர வேண்டும். பிறகு கிளியர் ஐபி எம்ரவுட் 239.20.5.10. எஸ்-ஜி வரியில் "டி" கொடி ஏறினால் நேரடி ஓட்டம் வந்துவிட்டது.

ஓடைக்கரை:

ஆர்2-இல் டி கொடி ஏறிவிட்டது, உள்வரும் இண்டர்ஃபேஸ் டன்னல் 10. ஆறு சேனலும் உடையாமல் ஓடுகிறது. மிக்க நன்றி.

ஆனால் ஆர்1-இல் சிபியு இறங்கவில்லை. அங்கே வெளிச்செல்லும் பட்டியலில் டன்னல் 10 வந்துவிட்டது, "ரெஜிஸ்டரிங்" மட்டும் போகவில்லை. அரை மணி நேரமாக அப்படியே நிற்கிறது.

பாக்கெட்வழி:

ரெஜிஸ்டர்-ஸ்டாப் ஆர்1-க்கு வந்து சேரவில்லை. ஆர்2 அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். சந்தேகமிருந்தால் அங்கே டீபக் ஐபி பிம் 239.20.5.10 போட்டு அரை நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

ரெஜிஸ்டர் செய்தியின் அனுப்புநர் முகவரியாக ஆர்1 எதைப் போடுகிறது என்பதுதான் கேள்வி. இயல்பாக, ஆர்பியை நோக்கி வெளியேறும் இண்டர்ஃபேஸின் முகவரி. உங்களுக்கு அது புரொவைடர் லிங்க்கின் முகவரி. அந்த லிங்க் சப்நெட்டைப் புரொவைடர் பிஜிபியில் ஆர்2-க்கு விளம்பரம் செய்யாவிட்டால், ஆர்2-க்குத் திரும்ப வழி தெரியாது. ரெஜிஸ்டர் வரும், பதில் போகாது. ஆர்2-இல் ஷோ ஐபி ரவுட் போட்டு அந்த முகவரிக்கு வழி இருக்கிறதா பாருங்கள்.

இல்லையென்றால் ஆர்1-இல்:

ஐபி பிம் ரெஜிஸ்டர்-சோர்ஸ் லூப்பேக் 0

லூப்பேக்கை ஆர்2 ஏற்கனவே அறியும், டன்னலே அதன் மேல்தான் நிற்கிறது. போட்டதும் ரெஜிஸ்டர்-ஸ்டாப் வந்து சேரும். அதன்பின் ஆர்1 சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தரவு இல்லாத வெற்று ரெஜிஸ்டர் ஒன்றை அனுப்பி ஆர்பியிடம் விசாரிக்கும், ஆர்பி மறுபடி ஸ்டாப் சொல்லும். அது இயல்பான பேச்சு. வழியில் ஃபயர்வால் இருந்தால் ஐபி புரோட்டோகால் எண் 103-ஐ இரு திசையிலும் திறந்து வையுங்கள். டிசிபி, யுடிபி மட்டும் திறந்துவிட்டு "எல்லாம் திறந்தாயிற்று" என்று சொல்லும் விதிப்பட்டியல்கள் நிறைய உண்டு.

விலேன்முப்பது:

இரண்டாவது தொல்லையை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன். அது வேறு கோளாறு. ஆர்1, ஆர்2-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எஃப்ஆர்ஆர் ரீஸ்டார்ட் ஆனதும் வருகிறது, சில நிமிடத்தில் எல்லாமே நிற்கிறது, சேனல் மாற்றினாலும் வருவதில்லை. இதைக் கேட்டதும் ஐஜிஎம்பி (ரிசீவர்கள் சேனல் கேட்கும் புரோட்டோகால்) கியூரியர் (யாருக்கு எது வேண்டும் என்று விசாரிப்பவர்) போட்டியைப் பார்ப்பேன். மூன்று விவரம் வேண்டும்: விலேன் 30-இல் ஆர்3-இன் முகவரி என்ன? அந்த விலேனின் ஸ்விட்சில் ஸ்னூப்பிங் (ஐஜிஎம்பியை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் ஸ்ட்ரீம் அனுப்புவது) கியூரியர் ஓடுகிறதா, அதன் முகவரி என்ன? சேனல் நின்றபின் ஆர்3-இல் ஷோ ஐபி ஐஜிஎம்பி குரூப்ஸ் என்ன காட்டுகிறது?

ஓடைக்கரை:

ரெஜிஸ்டர்-சோர்ஸ் போட்டதும் ஆர்1 அடங்கிவிட்டது. ஷோ ஐபி ரவுட்டில் அந்த லிங்க் சப்நெட் இல்லவே இல்லை, நீங்கள் சொன்னதேதான்.

ஆர்3 முகவரி 10.3.30.254. ஸ்விட்சில் கியூரியர் ஆன் செய்திருக்கிறது, முகவரி 10.3.30.2. நின்றபின் குரூப்ஸ் பட்டியல் காலி. ஷோ ஐபி ஐஜிஎம்பி இண்டர்ஃபேஸ் பார்த்தால் கியூரியர் வேறொருவர் என்று காட்டுகிறது.

விலேன்முப்பது:

அப்படியே பொருந்துகிறது. நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு விலேனில் ஐஜிஎம்பி கேள்வி கேட்பவர் ஒருவர்தான். தேர்தலில் சிறிய ஐபி முகவரி ஜெயிக்கும். பிம் டிஆர் (விலேனின் பிரதிநிதி ரவுட்டர்) தேர்தலில் பிரையாரிட்டி சமமென்றால் பெரிய முகவரி ஜெயிக்கும். இரண்டும் நேரெதிர், இதில் குழம்பாதவர் குறைவு. எஃப்ஆர்ஆர் ரீஸ்டார்ட் ஆனதும் தானே கியூரியர் என்று எண்ணிக் கேள்வி அனுப்பும். ஸ்விட்ச் அதைப் பார்த்து, "இந்தப் போர்ட்டில் ரவுட்டர் இருக்கிறது" என்று குறித்துக்கொள்ளும். ரிசீவர்களின் ரிப்போர்ட்டுகள் ஆர்3-க்குப் போகும், படம் வரும். பிறகு 10.3.30.2-இன் கேள்வி ஆர்3-இன் காதில் விழும். சிறிய முகவரி, ஆர்3 ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் அது கேள்வி அனுப்பாது.

ஒதுங்குவது தவறில்லை. கியூரியர் இல்லாத ரவுட்டரும் ரிப்போர்ட்டைக் கேட்டுக் குரூப்பைப் பதிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் ரிப்போர்ட் அதற்கு வந்து சேர வேண்டுமே. ஸ்னூப்பிங் ஓடும் ஸ்விட்ச், ரிப்போர்ட்டை ரவுட்டர் போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்பும். பிம் ஹலோவைப் பார்த்தும் ரவுட்டர் போர்ட்டை அறியும் ஸ்விட்சாக இருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. உங்கள் ஸ்விட்ச் ஐஜிஎம்பி கேள்வியை மட்டும் நம்புகிறது. கேள்வி நின்றதும் சில நிமிடத்தில் அந்தக் குறிப்பு காலாவதியாகும். அதிலிருந்து ஆர்3-க்கு ரிப்போர்ட் எதுவும் வராது. எஃப்ஆர்ஆரின் இயல்பான கணக்கு: கேள்வி இடைவெளி 125 விநாடி, அதன் இரட்டிப்பு 250, பதிலுக்கு 10, மொத்தம் 260. கடைசி ரிப்போர்ட்டிலிருந்து 260 விநாடியில் குரூப் அழியும். இந்த இரண்டு காலத்தையும் கூட்டினால் உங்கள் 5 முதல் 9 நிமிடம் வந்துவிடும். புதிய சேனலுக்கான ரிப்போர்ட்டும் ஸ்விட்சிலேயே நின்றுவிடுவதால் சேனல் மாற்றியும் பயனில்லை.

திருத்தம் எளிது. விலேன் 30-இல் ஸ்விட்சின் கியூரியரை அணைத்துவிடுங்கள். ரவுட்டர் இருக்கும் விலேனில் அது தேவையே இல்லை. ரவுட்டர் இல்லாத விலேனுக்காக வந்த வசதி அது. ஆர்3 போனாலும் உள்ளூர் ஸ்ட்ரீம் ஓட வேண்டும் என்ற காரணத்துக்காக அதை வைத்தே ஆக வேண்டுமென்றால், கேள்வியின் அனுப்புநர் முகவரியை 0.0.0.0 ஆக்க முடிகிறதா பாருங்கள், அது தேர்தலில் சேராது. அதுவும் முடியாவிட்டால் ஆர்3 இருக்கும் போர்ட்டை ஸ்டாட்டிக் ரவுட்டர் போர்ட்டாக எழுதுங்கள். ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ஆறு சேனல் சேர்ந்து 48 எம்பிபிஎஸ், விலேனில் உள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் கொட்டும்.

ஆர்3 லினக்ஸ் என்பதால் இன்னொன்றும் பார்த்து வையுங்கள். கெர்னலின் ஆர்பி-ஃபில்டர் (பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று பார்ப்பது; மேலே சொன்ன ஆர்பி அல்ல) 1 என்றால் கண்டிப்பான சோதனை. இப்போது சோர்ஸுக்கான யூனிகாஸ்ட் வழியும் ஸ்ட்ரீம் வரும் வழியும் ஆர்2 பக்கமே என்பதால் தடையில்லை. நாளை ஆர்3-க்கு இரண்டாவது லிங்க் வந்து யூனிகாஸ்ட் அந்தப் பக்கம் சாய்ந்து, மல்டிகாஸ்ட் மட்டும் எம்ரவுட்டால் பழைய வழியிலேயே வந்தால், பிம் எல்லாம் சரியாகக் காட்டும், கெர்னல் மட்டும் பாக்கெட்டை விழுங்கும். "ஆல்" என்பதன் மதிப்பையும் இண்டர்ஃபேஸின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளும், எனவே ஒன்றை மட்டும் 0 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தனிவேர்:

சோர்ஸ் ஒன்றுதான், அதன் முகவரி மாறாது என்றால் ஆர்பியே எதற்கு? குரூப்பை 232.0.0.0/8-க்குள் மாற்றி எஸ்எஸ்எம் ஆக்கிவிட்டால் ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர்-ஸ்டாப், ஷேர்டு ட்ரீ எதுவும் கிடையாது. ரிசீவர் சோர்ஸின் பெயரைச் சொல்லியே கேட்கும், ஆர்3 நேரே எஸ்-ஜி ஜாயின் அனுப்பும். முதல் தொல்லையில் பாதி பிறந்தே இருக்காது.

கிளைமரம்:

ரிசீவர்கள் எல்லாம் ஐஜிஎம்பி பதிப்பு 3 பேசினால் நல்ல யோசனை, நானும் அதையே விரும்புவேன். பழைய செட்-டாப் பெட்டிகள் பல பதிப்பு 2-தான் பேசும், அதில் சோர்ஸைச் சொல்ல இடமில்லை. அப்போது ரவுட்டரில் குரூப்புக்குச் சோர்ஸைக் கட்டிவைக்கும் எஸ்எஸ்எம் மேப்பிங் வேண்டும். எஸ்எஸ்எம்-க்கு மாறினாலும் ஆர்2-இல் அந்த எம்ரவுட் வரி இருந்தே ஆக வேண்டும். சொல்லப்போனால் அங்கே ரெஜிஸ்டர் என்ற ஊன்றுகோல் இல்லாததால், ஆர்பிஎஃப் தவறினால் ஒரு சேனல்கூட வந்திருக்காது. அந்த வகையில் கோளாறு சீக்கிரம் கண்ணில் படும்.

குரூப் எண்களை மாற்றும்போது கடைசி 23 பிட் மட்டும்தான் மேக் முகவரிக்குள் போகிறது என்பதை மறக்காதீர்கள். 239.0.0.5 அல்லது 239.128.0.5 என்று வைத்தால், ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் 224.0.0.5-இன் மேக் முகவரியில் போய் விழும். அந்த முகவரியைப் பெரும்பாலான ஸ்விட்சுகள் ஸ்னூப்பிங்கில் வடிகட்டுவதில்லை, எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். உங்கள் 239.20.5.10 வரிசையில் அந்தச் சிக்கல் இல்லை.

ஓடைக்கரை:

விலேன் 30-இல் ஸ்விட்சின் கியூரியரை அணைத்தாயிற்று. ஆர்3 கியூரியராக நிற்கிறது, குரூப்ஸ் பட்டியலில் ஆறும் இருக்கின்றன, இரண்டு மணி நேரமாக ஒன்றும் விழவில்லை. ஆர்2-இல் ஷோ ஐபி எம்ரவுட் கவுன்ட் போட்டால் ஆர்பிஎஃப் தவறியவை 0. எதிர்பாராமல் ஆர்3 நின்றுபோனால் என்ன என்பதற்காக ஸ்விட்சில் 0.0.0.0 கியூரியர் முடிகிறதா என்று பார்த்தேன், அதில் அந்த வசதி இல்லை. ஸ்டாட்டிக் ரவுட்டர் போர்ட் இருக்கிறது, அதை எழுதிவிட்டேன். செட்-டாப் பெட்டிகள் அனுப்பும் ரிப்போர்ட்டை டிசிபிடம்பில் பிடித்துப் பார்த்ததில் 224.0.0.22-க்கு ஒன்றுகூடப் போகவில்லை, எல்லாம் குரூப் முகவரிக்கே போகின்றன. பதிப்பு 2-தான். எஸ்எஸ்எம் இப்போதைக்கு இல்லை.